கான்ஷியஸ் என்று எழுதுவதற்கு முன்

சென்ற மாதம் சாத்தூர் பேருந்து நிலையத்தில் மதுரை வண்டிக்காகக் காத்திருந்தேன். பக்கத்தில் ஒரு பெண் நின்றிருந்தார். என்னைவிடச் சில வயது இளையவர். தோளில் ஒரு துணிப்பை. போர்வை, எவர்சில்வர் தட்டு, வெந்நீர்க் குடுவை எல்லாம் பிதுங்கித் தெரிந்தன. மருத்துவமனைக்குப் போகிறவர்களின் பை அது. விரல் நகங்களின் ஓரத்தில் அலுமினியப் பொடி படிந்து மின்னியது. கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு, ஹாரன் சத்தத்துக்கு மேலே மகனிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"ஏலே, அழாதலே. கம்பெனியில தீப்பட்டதும் அப்பாவ மதுரைக்குக் கொண்டு போயாச்சு. ஆளு கான்சியஸா இருக்காகளாம். மாமா பக்கத்துலதான் நிக்காரு. நல்லாப் பேசுறாகன்னு இப்பத்தான் சொன்னாரு. நீ லீவு கீவு போட்டு அலையாத. ஞாயித்துக்கிழமை வந்தாப் போதும்."

நான் அரசு மருத்துவமனையில் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். பணிக்காலத்தின் பெரும்பகுதி இந்த மாவட்டத்தில் ஒரு தீக்காய வார்டில் கழிந்தது. அந்தப் பெண் சொன்ன சொல்லை எத்தனையோ நோயாளிகளின் தாள்களில் எழுதியிருக்கிறேன். அவரிடம் நான் என்ன சொன்னேன் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன். அதற்கு முன் அந்தச் சொல்லைப் பற்றிச் சிலவற்றைச் சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கத்தில் சில ஆங்கிலச் சொற்கள் பள்ளிக்கூடத்தின் வழியாக வரவில்லை. ஆஸ்பத்திரி வழியாக வந்தன. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அவற்றைத் தயங்காமல் சொல்வார்கள். 'நார்மல்' என்றால் பிரசவம் நல்லபடி முடிந்தது. 'சீரியஸ்' என்றால் ஊருக்குச் சொல்லி வேன் பிடிக்க வேண்டும். 'கான்ஷியஸ்' என்பது நல்ல சொல். அது காதில் விழுந்ததும் வராந்தாவில் நிற்கிறவர்கள் மூச்சு விடுவார்கள், யாராவது ஒருவர் டீ வாங்கப் போவார். தீபாவளி போனஸ் வாங்கிக் குடித்துவிட்டு வரும் தம்பியை "கான்சியஸாத்தான் வண்டி ஓட்டுனியாலே?" என்று அக்கா கேட்பாள். கல்லூரியில் படிக்கும் என் அண்ணன் மகள் புதுச் சுடிதார் போட்டால் தனக்குக் 'கான்ஷியஸாக' இருக்கிறது என்கிறாள். கூச்சமாக இருக்கிறது என்று பொருள். அவரவர் தேவைக்கு ஒரு சொல்.

வார்டில் அதற்குப் பொருள் குறுகலானது. நோயாளிக்குத் தன்னைத் தெரிகிறது, சுற்றி இருப்பது தெரிகிறது, கேட்டால் புரிந்து பதில் சொல்கிறார். அவ்வளவுதான். பிழைப்பார் என்று அந்தச் சொல்லில் எங்கும் இல்லை.

தீக்காயத்தில் இதை ஊருக்குப் புரியவைப்பது கடினம். தலையில் அடிபட்டவர் பேச்சு மூச்சில்லாமல் கிடப்பார். பார்த்தாலே பயம் வரும். உடம்பில் பெரும்பகுதி வெந்தவரோ முதல் நாள் நன்றாகப் பேசுவார். தண்ணீர் கேட்பார், வீட்டுச் சாவி எங்கே இருக்கிறது என்று சொல்வார், மாட்டை அவிழ்த்துக் கட்டினீர்களா என்று விசாரிப்பார். தோல்தான் போயிருக்கிறது, மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை. பிறகுதான் சிறுநீர் குறையும், உடம்பு வீங்கும், பேச்சு குழறும். அதற்குள் "பேசுறாக" என்ற செய்தி ஊர் போய்ச் சேர்ந்திருக்கும்.

பயிற்சிக் காலத்தில் எனக்கும் அது தேர்வுக்குப் படித்த சொல்தான். நினைவின் படிநிலைகளை மனப்பாடமாக ஒப்பித்து மதிப்பெண் வாங்கினேன். அதன் எடை தெரிந்தது டாக்டர் வசந்தாவிடம் வேலை பார்த்தபோது.

அவர் மெல்லிய குரலில் பேசுவார். கட்டிலுக்கு அருகில் முக்காலியை இழுத்துப் போட்டு, நோயாளி கழுத்தைத் திருப்பாமலே தன் முகத்தைப் பார்க்கும் இடத்தில் உட்காருவார். பேனாவை மூடியோடு கையில் வைத்திருப்பார். கேட்க வேண்டியதைக் கேட்டு முடிக்கும் வரை மூடியைக் கழற்ற மாட்டார். நான் அந்த வார்டுக்குப் போன புதிதில், ஒரு பெரியவரின் தாளில் கான்ஷியஸ் என்று எழுதியிருந்தேன்.

"எப்படித் தெரியும்?" என்றார்.

"ராமசாமியான்னு பேரைக் கேட்டேன் மேடம். தலையாட்டினார்."

"முத்தையாவான்னு கேளுங்க."

கேட்டேன். பெரியவர் அதற்கும் தலையாட்டினார்.

டாக்டர் திட்டவில்லை. "ஆமான்னு சொல்றதுக்கு நினைவு வேண்டியதில்ல சிஸ்டர். இல்லைன்னு சொல்லணும். அப்பத்தான் அந்தச் சொல்லை எழுதணும்" என்றார்.

அது முதல் எங்கள் வார்டில் அதுவே வழக்கமாயிற்று. பெயர், பக்கத்தில் நிற்பவர் யார், காலையில் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்போம். நடுவில் தெரிந்தே தவறாக ஒன்றைக் கேட்போம். ஊர் தாயில்பட்டிப் பக்கம் என்றால் "உங்களுக்குச் சாத்தூர்தானே?" என்போம். திருத்தினால் எழுதுவோம்.

இனி பேச்சியம்மாளைப் பற்றி.

தாயில்பட்டிக்கு அருகில் ஒரு சிறிய பட்டாசுக் கம்பெனியில் விபத்து. முற்பகலில் கொண்டுவந்தார்கள். பேன்சி வெடிகளுக்கு மருந்து அடைக்கும் அறையில் வேலை பார்த்தவர். பட்டாசுக்குள் போகும் ரசாயனக் கலவைக்கு எங்கள் பக்கம் மருந்து என்றுதான் பெயர். வயது நாற்பது இருக்கும். முகமும் கழுத்தும் அலுமினியப் பொடியில் வெள்ளிபோல் மின்ன, அதற்குக் கீழே பாதங்கள் தவிர எல்லாம் வெந்திருந்தது. எண்பத்தைந்து சதவீதம் என்று டாக்டர் கணக்கிட்டார்.

முறைப்படி எல்லாம் நடந்தது. ஒட்டியிருந்த துணியை நனைத்து வெட்டினோம். வளையல்களை அறுத்து எடுத்தோம். தாலிக் கயிற்றையும் மெட்டியையும் பொட்டலமாகக் கட்டிக் கணவர் கருப்பசாமியிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கினோம். கையில் நரம்பு கிடைக்காததால் கணுக்காலில் கீறி ஊசி ஏற்றினார்கள். உடம்பு படுக்கையில் ஒட்டாமல் இருக்கக் கழுவிய வாழையிலையைப் பரப்பி அதன்மேல் கிடத்தினோம். போர்வை மேலே படாதபடி கம்பிக் கூண்டு வைத்தோம்.

டாக்டர் வசந்தா முக்காலியில் உட்கார்ந்தார்.

"உங்க பேரு?"

"பேச்சியம்மா."

"காலைல என்ன சாப்பிட்டீங்க?"

"நேத்து வச்ச புளிக்கொழம்பு. நின்ன வாக்குல ரெண்டு வாய். கம்பெனி வேன் வந்துருச்சு."

"உங்களுக்குச் சாத்தூர்தானே?"

"சாத்தூர்ல யாரு இருக்கா எங்களுக்கு? நாங்க தாயில்பட்டிப் பக்கம்."

டாக்டர் பேனா மூடியைக் கழற்றினார்.

வெளியே வந்து கருப்பசாமியிடம், நிலைமை மோசம், நெருங்கிய உறவுகளை உடனே வரச் சொல்லுங்கள் என்றார். கருப்பசாமிக்கு அது ஏறவில்லை. "என்ன டாக்டரம்மா, அதான் நல்லாப் பேசுறாளே. கொழம்பெல்லாம் சொல்றாளே" என்றார். டாக்டர் மறுபடியும் சொன்னார். அவர் தலையாட்டினார். டாக்டர் ஆபரேஷன் தியேட்டருக்குப் போனபிறகு, வராந்தா ஓரத்தில் நின்று திருப்பூரில் கட்டிக்கொடுத்த மகளோடு போனில் பேசினார். "ஆத்தா கான்சியஸா இருக்காத்தா. கைப்பிள்ளையைத் தூக்கிட்டு நீ வெயில்ல அலைய வேண்டாம். ரெண்டு நாள் கழிச்சு வா." பிறகு ஊர்க்காரர்களையும் வந்த வேனிலேயே திருப்பி அனுப்பினார்.

அன்று பேச்சியம்மாளைச் சுற்றி இன்னொரு காரியம் நடந்துகொண்டிருந்தது. அவரது தம்பி முருகேசன் அதே கம்பெனியில் மருந்து கலக்குகிறவர். வெடித்தபோது தண்ணீர் எடுக்க வெளியே போயிருந்ததால் கையில் சிறிய காயத்தோடு தப்பிவிட்டார். அவர் தன் இஷ்டத்துக்குத் தவறாகக் கலந்ததால்தான் விபத்து என்று கம்பெனி போர்மேன் போலீசில் எழுதிக் கொடுத்திருந்தார். முருகேசனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அறையில் இருந்த மற்ற இருவரும் அங்கேயே இறந்துவிட்டனர். என்ன நடந்தது என்று சொல்ல மிஞ்சியிருந்தது பேச்சியம்மாள் மட்டும்.

வாக்குமூலம் வாங்க மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் போயிருந்தது. அவர் வேறு ஊரிலிருந்து வர வேண்டும்.

வலிக்கான ஊசி, தேவைப்படும்போது போடலாம் என்று தாளில் எழுதப்பட்டிருந்தது. பேச்சியம்மாளுக்குப் பல் கிட்டிக்கொண்டு வந்தது. நான் மருந்தை ஊசியில் ஏற்றிக்கொண்டு கட்டிலுக்குப் போனேன்.

"என்ன ஊசிம்மா?"

"வலிக்கு. தூக்கம் வரும்."

"எப்ப முழிப்பேன்?"

நான் குனிந்து ஊசியைப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"அப்ப வேண்டாம். அந்த ஐயா வந்து எழுதிட்டுப் போகட்டும். முருகேசன அடிப்பாகம்மா."

ஊசி போட்டால் வாக்குமூலம் செல்லாது என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் தூக்கக் கலக்கத்தில் இருக்கிறவரைத் தெளிவான நினைவோடு இருக்கிறார் என்று டாக்டர் எழுத முடியாது. எழுதினாலும், மயக்கத்தில் உளறியது என்று எதிர்த்தரப்பு கேட்கும். இதெல்லாம் பேச்சியம்மாளுக்கு யாரும் விளக்கவில்லை. வாசலில் நின்ற போலீஸ்காரர் யாரிடமோ சொன்னதில் பாதியைக் கேட்டுத் தானே புரிந்துகொண்டிருந்தார்.

நான் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு டாக்டருக்குச் சொல்லி அனுப்பினேன். வராந்தாவுக்கு வந்தபோது போர்மேன் நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை, ஒரு பை நிறைய ஆப்பிள், முகத்தில் உண்மையான களைப்பு. உள்ளிருந்து பேச்சியம்மாளின் முனகல் கேட்டது.

"அக்கா, பாவம், துடிக்காகளே. ஒரு ஊசியப் போட்டுத் தூங்க வச்சிரலாம்லக்கா."

"டாக்டர் வரட்டும்."

"எங்க கம்பெனியில எங்கூடப் பொறந்த பொறப்பு மாதிரிக்கா அவுக. இந்தக் கஷ்டத்துல எதுக்கு எழுத்தும் கிழுத்தும்? மனுசனுக்கு மனுசன் இரக்கம் வேண்டாமா?"

கருப்பசாமி அழுதுகொண்டே கைகூப்பினார். "போட்டுருங்கம்மா. என்னால கேக்க முடியல."

இருவரும் கேட்டது ஒன்றைத்தான். கேட்ட காரணங்கள் வேறு. கருப்பசாமிக்குப் போர்மேனின் காரணம் தெரியாது. எனக்குத் தெரியும். ஆனால் முனகல் யாருடைய காரணத்தையும் பார்த்து நிற்பதில்லை. அதைப் போக்குகிற மருந்து தட்டில் இருந்தது. டாக்டருக்கு இன்னொரு முறை ஆள் அனுப்பினேன்.

டாக்டர் வசந்தா தியேட்டர் உடையோடு வந்தார். போர்மேனைப் பார்த்து, "நீங்க நோயாளிக்கு என்ன வேணும்?" என்றார்.

"சொந்தம் இல்லைங்க, கம்பெனி..."

"அப்ப கீழே போய் இருங்க."

உள்ளே போய் முக்காலியில் உட்கார்ந்தார். "பேச்சியம்மா, குறைஞ்ச அளவு போடுறேன். வலி கொஞ்சம் மட்டுப்படும்."

"தூக்கம் வராதுன்னு நிச்சயமாச் சொல்வீகளா?"

"சொல்ல முடியாது."

"அப்ப வேண்டாம்."

"தாங்க முடியுமா?"

"முடியல. ஆனா வேண்டாம்."

டாக்டர் என்னிடம் திரும்பினார். "ஊசியை மறுக்கிறாங்க. காரணத்தையும் சேர்த்து எழுதிக்கோங்க." பிறகு எழுந்து போகவில்லை. மாஜிஸ்திரேட் வரும்வரை அந்த முக்காலியிலேயே இருந்தார். நான் உதட்டில் ஈரப் பஞ்சை ஒற்றிக்கொண்டிருந்தேன். பேச்சியம்மாள் ஒரு முறை, "பேசிக்கிட்டே இருங்கம்மா, கண்ணு சொக்குது" என்றார். என்ன பேசுவது? தீபாவளிக்கு எந்தப் பட்டாசு நன்றாகப் போகும் என்று கேட்டேன். "எங்க வீட்ல யாரு வெடி போட்டா? சத்தமே ஆகாது எனக்கு" என்றார்.

மாஜிஸ்திரேட் இளவயதுக்காரர். வாடை தாங்காமல் வாசலில் ஒரு கணம் நின்றார், பிறகு உள்ளே வந்தார். கணவர், போலீஸ் எல்லோரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தச் சொன்னார். தான் யார் என்று சொன்னார். யாராவது பயமுறுத்தினார்களா, சொல்லிக் கொடுத்தார்களா என்று கேட்டார். டாக்டர் மறுபடி எல்லாக் கேள்விகளையும் அவர் முன்னிலையில் கேட்டுச் சான்று எழுதிய பிறகே அவர் எழுதத் தொடங்கினார்.

பேச்சியம்மாள் சொன்னது இதுதான். முதல் நாள் சாயந்தரம் மருந்து மீந்துவிட்டது. மீந்ததை அன்றைக்கே நிறையத் தண்ணீர் ஊற்றி அழிக்க வேண்டும்; கொஞ்சம் ஈரம் பட்டு மூடிக் கிடந்தால் தானே சூடேறி வெடிக்கும். சீசன் நேரம், ஒரு லோடு பாக்கி நின்றது. காலையில் அதையே அடையுங்கள் என்றார் போர்மேன். "வேண்டாம்ணே, ஈரம் பட்டிருக்கு, கை வச்சாச் சுடுது" என்றார் முருகேசன். "இஷ்டமில்லேன்னா நாளையிலிருந்து அக்காளும் தம்பியும் வராதீக" என்றார் போர்மேன். அடைத்தார்கள்.

மாஜிஸ்திரேட் எழுதியதை வாசித்துக் காட்டினார். "பழைய மருந்தை அடைத்தோம்" என்ற இடத்தில் பேச்சியம்மாள் நிறுத்தினார்.

"பழசு இல்லய்யா. பழசுன்னா கிடங்குலருந்து வந்ததுன்னு ஆயிரும். நேத்துச் சாயந்தரம் மீந்தது. மூடி வச்சிருந்தது."

மாஜிஸ்திரேட் அடித்துத் திருத்திப் பக்கத்தில் கையொப்பமிட்டார். விரல்களில் ரேகை எடுக்கத் தோல் இல்லை. மைப் பெட்டியை நான் பிடிக்க, இடது காலின் பெருவிரலைப் பதித்தார்கள். முடிவு வரை நினைவு தெளிவாக இருந்தது என்று டாக்டர் அடியில் இரண்டாவது முறை எழுதினார்.

கதவு திறந்ததும் பேச்சியம்மாள் என்னைத் தேடினார். "இப்பப் போடுங்கம்மா" என்றார்.

போட்டேன். அதன்பிறகு அவர் தெளிவாக ஒரு வார்த்தையும் பேசவில்லை. மறுநாள் நண்பகலில் இறந்தார். மகள் கைப்பிள்ளையோடு வந்து சேர்ந்தபோது பிரேதப் பரிசோதனையே முடிந்திருந்தது. கருப்பசாமி வார்டு வாசலில் என்னைப் பார்த்துக் கத்தினார். "பேசிக்கிட்டிருந்தவளை ஊசி போட்டுக் கொன்னுட்டீகளே!" வராந்தாவில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கண்ணால் பார்த்தது அப்படித்தான். ஊசிக்கு முன்பு பேச்சு இருந்தது, ஊசிக்குப் பின் இல்லை.

வழக்கு நடந்தபோது என்னையும் சாட்சியாக அழைத்தார்கள். முருகேசன் பெயர் குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் பட்டியலிலிருந்து நீங்கியிருந்தது. அவரும் சாட்சியாகப் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தார். போர்மேனுக்காக வாதாடிய எதிர்த்தரப்பு வழக்கறிஞர் நயமாகத்தான் கேட்டார்.

"அவ்வளவு வலியில் இருப்பவருக்கு, என்ன பேசுகிறோம் என்று தெரியுமா அம்மா? பேசினாலே கான்ஷியஸ் என்று எழுதிவிடுவீர்களா?"

"இல்லை. தவறாகச் சொன்னதைத் திருத்தினார்கள். ஊசி வேண்டாம் என்றார்கள். ஏன் வேண்டாம் என்றும் சொன்னார்கள்."

"வலி தெரிந்திருந்தால் யாராவது ஊசியை வேண்டாம் என்பார்களா?"

"வலி முழுதாகத் தெரிந்தது. தெரிந்துதான் வேண்டாம் என்றார்கள்."

நீதிபதி அதை எழுதிக்கொண்டார்.

வெளியே வேப்பமரத்தடியில் முருகேசன் எனக்காகக் காத்திருந்தார். டீ வாங்கி வந்து கையில் கொடுத்தார். தன்னுடையதைக் குடிக்கவில்லை.

"சிஸ்டர், உள்ள அந்த வக்கீல் கேட்டப்ப, நீங்க இல்லைன்னு சொல்லிருவீகளோன்னு ஒரு நிமிசம் ஆசைப்பட்டேன்."

எனக்குப் புரியவில்லை. "என்ன இல்லைன்னு?"

"அக்காவுக்கு நினைப்பு இல்லாமத்தான் கெடந்துச்சுன்னு. சொல்லியிருந்தா நான் உள்ள போயிருப்பேன், அது எனக்குத் தெரியும். இருந்தாலும், அம்புட்டு வலியும் தெரிஞ்சுதான் கெடந்துச்சுன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டீக."

"ஊசி போட்டபிறகு தெரியல முருகேசன்."

"அதுக்கு முந்தி?"

முருகேசன் தன் டீயை மரத்தடியில் ஊற்றிவிட்டுக் கிளாஸைக் கடையில் கொடுக்கப் போனார்.

இப்போது பேருந்து நிலையத்துக்கு வருகிறேன்.

பணியில் இருந்தவரை, நோயாளி பிழைப்பாரா என்று உறவினரிடம் நாங்கள் சொல்லக் கூடாது. அது டாக்டரின் பொறுப்பு. அந்த விதியை நான் மீறியதில்லை. ஓய்வு பெற்றவளுக்கு அந்த விதி இல்லை. அந்தப் பெண் கைப்பேசியை இடுப்பில் செருகியதும் கேட்டேன்.

"எத்தனை சதவீதம்னு டாக்டர் சொன்னாங்களாம்மா?"

"எண்பதுக்கு மேலன்னாகளாம். ஆனா பேசுறாகளேக்கா. கான்சியஸா இருக்காக."

"மகனை இன்னைக்கே கிளம்பி வரச் சொல்லுங்க."

"எதுக்கு? அவனுக்கு லீவு கெடைக்காது. நீங்க யாரு?"

"தீக்காய வார்டுல நர்ஸா இருந்தேன். அப்பா பேசுறப்பவே வந்து பேசிக்கட்டும்."

அவர் முகம் மாறியது. "நல்ல வார்த்தையே வராதா உங்களுக்கு? வாயில தர்ப்பையப் போட்டுப் பொசுக்க" என்றார். மதுரை வண்டி வந்து நின்றது. ஏறி, வேண்டுமென்றே என்னிடமிருந்து தள்ளி, டிரைவருக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். நான் பின்பக்கம் உட்கார்ந்தேன். பையை மடியில் இறுக்கி அணைத்தபடி அவர் கண்ணாடி வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

வண்டி விருதுநகர் தாண்டியது. முன் இருக்கையில் கைப்பேசி காதுக்குப் போனது. காற்றிலும் எஞ்சின் இரைச்சலிலும் பேச்சு எதுவும் கேட்கவில்லை. கடைசியில் குரல் உடைந்து உயர்ந்தபோது இரண்டு சொற்கள் மட்டும் என்வரை வந்தன.

"ஏலே, கெளம்புலே."